மஞ்சள் அடிக்காத ஒரு கட்டம்

புதன்கிழமை காலை பத்து இருபதுக்கு அந்த அழைப்பு வந்தது. சிட்னியில், எங்கள் பரமட்டா அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். கைப்பேசித் திரையில் 'வசந்தி அக்கா' என்று பெயர். அவர் வராமல் அந்தக் கூட்டம் நகராது. இருபது நிமிடமாக அவருக்காகக் காத்திருந்த எரிச்சலோடு வெளியே வந்து, "எங்கக்கா இருக்கீங்க? பன்னெண்டு பேர் உங்க மூஞ்சியைப் பார்க்க உட்கார்ந்திருக்கோம்" என்றேன்.

பதில் சொன்னது அவர் கணவர் ஜெயம் அண்ணை. "தம்பி, நான் ஜெயம் கதைக்கிறன். அக்கா மோசம் போயிட்டா."

காலையில் குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றவர், தலை வலிக்கிறது என்று கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். மூளையில் இரத்தக் கசிவு. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயது.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் இந்த நினைவு மலருக்கு எழுதச் சொல்லி ஜெயம் அண்ணைதான் கேட்டார். எனக்குக் கட்டுரை எழுதிப் பழக்கமில்லை, அறிக்கைதான் வரும் என்றேன். "அதுதான் வேணும். மற்ற ஆக்கள் அவவை அம்மன் ஆக்கிப் போடுவினம். நீர் பொய் எழுதமாட்டீர்" என்றார். எனவே பொய் இல்லாமல் எழுதுகிறேன்.

ரயில் சிக்னல் வடிவமைப்பு எங்கள் தொழில். எந்தத் தண்டவாளத்தில் ரயில் நின்றால் எந்த விளக்கு சிவப்பாக வேண்டும் என்று வரைபடத்தில் தீர்மானிப்பவர்கள் நாங்கள். இதில் மாறாத விதி ஒன்று உண்டு: வரைந்தவர் தன் வரைபடத்தைத் தானே சரிபார்க்கக் கூடாது. வேறொருவர் ஒவ்வொரு கோடாகப் பார்த்து, சரியானதன் மேல் மஞ்சளும் பிழையின் மேல் சிவப்பும் அடித்துக் கையொப்பமிட வேண்டும். அக்கா வரைபவர். ஆறு வருடங்களுக்கு முன் மதுரையிலிருந்து வந்து வேலையில் சேர்ந்த நான், அவர் வரைந்ததைச் சரிபார்ப்பவன்.

சேர்ந்த முதல் மாதமே அவருடைய வரைபடத்தில் ஒரு பிழை கண்டுபிடித்தேன். பெருமை தாங்கவில்லை. சிவப்பால் பெரிய வட்டம் போட்டு, இரண்டு ஆச்சரியக்குறியும் போட்டுக் கொடுத்தேன். அவர் அதை வாரக் கூட்டத்துக்கு எடுத்துப்போய், "இது என்ர பிழை, கதிர் பிடிச்சது" என்று எல்லோருக்கும் காட்டினார். பிறகு என் மேசைக்கு வந்து அதே தாளை வைத்தார்.

"சிவப்பு வடிவா இருக்கு. மஞ்சள் எங்க?"

"சரியா இருக்கறதுக்கு எதுக்குக்கா மார்க்? தப்பு மட்டும் சொன்னா போதாதா? நேரம் மிச்சம்."

"மஞ்சள் இல்லாட்டி நீர் அதைப் பாத்தனீரா, பாக்கேல்லையா எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? மஞ்சள் அடிக்காத இடம் பாக்காத இடம். முழுக்கத் திரும்பச் செய்யும்."

செய்தேன், திட்டிக்கொண்டே.

அவர் தினமும் நாலு பன்னிரண்டு ரயிலில் பென்டில் ஹில் வீட்டுக்குப் போவார். முதுகுப் பையை மாட்டிக்கொண்டு, அலுவலகத் தளம் முழுக்கக் கேட்கும்படி, "நான் போட்டு வாறன்" என்று, எங்கள் ஊர் 'போயிட்டு வரேன்' போல, சொல்லிவிட்டுத்தான் போவார். நாங்கள் எல்லாம் ஆறு மணி, ஏழு மணி என்று உட்கார்ந்திருப்போம். இவருக்கு வேலையில் அக்கறை போதாது என்று முதல் ஒரு வருடம் நான் உறுதியாக நம்பினேன். அதை வாய்விட்டும் கேட்டேன்.

"தம்பி, முதல்ல வேலையில கெட்டிக்காரனா இரும். பிறகு நாலு மணிக்கு எழும்பிப் போகலாம், ஒருத்தரும் வாய் திறக்க மாட்டினம்" என்றார். "நீங்கள் ஏழு மணி வரைக்கும் இருக்கிறியள், சரி. ஐஞ்சுக்குப் பிறகு வாற பிழையள் எல்லாம் அடுத்த நாள் காலமை திருத்துறியள். நான் அந்தப் பிழையளைச் செய்யாமல் வீட்டை போறன், அவ்வளவுதான்."

அவர் சொன்னது உண்மையா என்று என் பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். எனக்கு அப்படித்தான் புத்தி போகும். உண்மையாகத்தான் இருந்தது. அதை அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை.

அதற்காக அவர் வேலைக்குப் பயந்து ஒளிந்தவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். சனி ஞாயிறுகளில் பாதையை மூடிப் புது சிக்னல்களைப் பொருத்தும்போது, அடைமழையில் ஆரஞ்சுச் சட்டையோடு முதல் ஆளாகத் தண்டவாளத்தில் நிற்பவர் அவர்தான். அந்த வார இறுதிகள் எவை என்று அவர் வீட்டில் மாதத் தொடக்கத்திலேயே தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பிற்பாடு நேரில் பார்த்தேன்.

ஒரு மாதத்தின் முதல் ஞாயிறு, கொத்துரொட்டி சாப்பிட வரச்சொன்னார் என்று போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் மேசையைத் துடைத்துவிட்டு இரண்டு தாள்களை விரித்தார்கள். ஒன்று பேருந்து ஓட்டுநரான ஜெயம் அண்ணையின் வேலை முறை. மற்றது அக்காவின் மாதம், நாளுக்கு ஒரு கட்டமாக. மகள் அபி உள்ளே படித்துக்கொண்டிருக்க, இருவரும் தாள்களை மாற்றிக்கொண்டார்கள். அவர் தாளில் இவர் மஞ்சளும் சிவப்பும், இவர் தாளில் அவர் மஞ்சளும் சிவப்பும்.

"இஞ்சேருங்கோ, பதினெட்டாம் திகதி ஏன் சிவப்பு?" என்றார் அக்கா.

"அபியின்ர நெற்போல் இறுதியாட்டம். நீர் மெல்பேர்ண் எண்டு போட்டிருக்கிறீர்."

"அது பெரிய கூட்டமப்பா."

"போன முறையும் பெரிய கூட்டம்தான். நான் சிவப்பு அடிச்சா அடிச்சதுதான். கையெழுத்து வேணுமெண்டால் மாத்தும்."

அக்கா என்னைப் பார்த்து, "இந்த மனுசன் உம்மைவிட மோசமான செக்கர்" என்றார். ஆனால் அங்கேயே கைப்பேசியை எடுத்து அந்தக் கூட்டத்தை மாற்றினார். இருவரும் கையொப்பமிட்ட பிறகு தாள்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவுக்குப் போயின. எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது.

விளையாட்டு இல்லை. அவருக்கு மெல்பேர்ண் பிரிவின் தலைமைப் பதவி வந்தபோது முதலில் போனது அந்த மேசைக்குத்தான். 'குடும்பத்தோடு இடம் மாற வேண்டும்' என்ற வரியின் மேல் அண்ணை சிவப்பு அடித்தார். பதவியின் பெயர் மேல் மஞ்சள் அடித்தார். அக்கா அந்த முடிவோடு நிர்வாகத்திடம் போனார். சிட்னியில் இருந்துகொண்டே பார்ப்பேன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் அங்கே வருவேன், சம்மதமென்றால் சொல்லுங்கள் என்றார். முணுமுணுத்தார்கள். ஒரு மாதம் இழுத்தார்கள். ஒத்துக்கொண்டார்கள். அவரை விட்டால் ஆள் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஐந்து வருடம் இரண்டு நகரத்து வேலையையும் அவர் நடத்தினார். சிட்னியில் இருக்கையில் நாலு பன்னிரண்டைத் தவறவிட்ட நாள்களை விரலில் எண்ணலாம்.

இனி என் கதையைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அவரைப் பற்றிச் சொன்னதாகாது.

என் மனைவி நித்யா ஊரில் மருந்தாளுநர். இங்கே வந்து தேர்வுகளைத் திரும்ப எழுதினாள். தேர்வு எழுதிய நாள் எனக்கு நினைவில் இல்லை, தேறிய நாளும் நினைவில் இல்லை. இரண்டும் பெரிய வேலைகள் ஓடிய மாதங்கள். அவள் மெல்பேர்ணில் பயிற்சி இடம் வாங்கிக்கொண்டு போனாள். சிட்னியிலேயே ஒரு இடம் கிடைத்திருந்தும் மெல்பேர்ணைத் தேர்ந்தாள் என்பது எனக்குத் தெரியும். "வேலைக்காகப் போயிருக்கா" என்று எல்லோரிடமும் சொன்னேன். அக்காவிடமும்.

நாலு மாதம் கழித்து நித்யாவின் முகநூல் பக்கத்தில் ஒரு படம் பார்த்தேன். மெல்பேர்ண் புறநகரான த பேசினில் உள்ள பிள்ளையார் கோயில் வாசலில், மலையடிவாரக் குளிரில் கம்பளிச் சட்டையோடு நித்யாவும் பக்கத்தில் வசந்தி அக்காவும் கையில் பொங்கல் கிண்ணத்தோடு நிற்கிறார்கள். மெல்பேர்ண் போன ஒவ்வொரு முறையும் அக்கா அவளைப் பார்த்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் அவர் மேசைக்கு நேராகப் போனேன். "என் வீட்டு விஷயத்துல உங்களுக்கு என்னக்கா வேலை?"

"நான் நித்யாவைப் பாக்கப் போனனான். உம்மைப் பற்றிக் கதைக்கேல்லை."

"என்கிட்டக் கேட்டீங்களா?"

அவர் தன் வரைபடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். மூன்று வாரம் வரைபடம் தவிர வேறு பேச்சில்லை. அந்த மூன்று வாரமும் நான் அவர் தாள்களில் எழுத்தின் சாய்வுக்குக்கூடச் சிவப்பு அடித்தேன். அவர் ஒவ்வொன்றையும் அமைதியாகத் திருத்தி அனுப்பினார்.

பிறகு ஒருநாள் அவரே வந்தார். "கதிர், உம்மைக் கேளாமல் போனது என்ர பிழை. கேட்டால் வேண்டாம் எண்டு சொல்லுவீர் எண்டு தெரிஞ்சுதான் கேக்கேல்லை. அது இன்னும் பெரிய பிழை. மன்னிச்சுக் கொள்ளும்." எனக்கு மேலே இருந்த எந்த அதிகாரியும் அதுவரை என்னிடம் இப்படி வந்து நின்றதில்லை. "பரவால்லக்கா" என்றேன்.

"இப்ப உம்மட்டையே நேராக் கேக்கிறன். வீடு எப்பிடி?"

"நல்லா இருக்கு."

"ஆர் செக் பண்ணினது?"

"நான்தான்" என்றேன். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவர் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு மஞ்சள் பேனாவும் ஒரு சிவப்புப் பேனாவும் எடுத்து என் விசைப்பலகை மேல் வைத்தார். மணி பார்த்தார். "நான் போட்டு வாறன்."

அந்தச் சனிக்கிழமை முதல் விமானத்தில் மெல்பேர்ண் போனேன். நாங்கள் சேர்ந்திருந்த கடைசி மூன்று மாதங்களை, நாளுக்கு ஒரு கட்டமாக, அச்சடித்து எடுத்துப் போயிருந்தேன். நித்யா கதவைத் திறந்ததும் தாளை நீட்டினேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "செக் பண்ணு" என்றேன்.

"பைத்தியமா உனக்கு?"

"ஆமா. பண்ணு."

அவள் பண்ணினாள். முதல் தாள் முழுக்கச் சிவப்பு. "உன்கிட்ட எப்பவும் சிவப்பு பேனா மட்டும்தான்டா இருந்துச்சு. சாம்பார்ல உப்பு, என் இங்கிலீஷ், நான் துணி மடிக்கறது, எல்லாத்துலயும்." நான் அடுத்த தாளை அவள் முன்னால் நகர்த்தி வைத்தேன். இரண்டாம் தாளில் நாலைந்து சனிக்கிழமைக் காலைகளில் நிறுத்தினாள். மஞ்சளை எடுத்து ஒவ்வொன்றாக நிரப்பினாள்.

"இது என்ன?"

"பிளாக்டவுன்ல கார் ஓட்டச் சொல்லிக் குடுத்த. நான் ரெண்டு தடவை குப்பைத்தொட்டியை இடிச்சேன். நீ கத்தவே இல்ல."

எனக்கு அது நினைவே இல்லை. அந்த மஞ்சள் கட்டங்களிலிருந்துதான் திரும்பத் தொடங்கினோம். பயிற்சி முடித்து நித்யா சிட்னிக்கு வந்தாள். இப்போது பிளாக்டவுனில் ஒரு மருந்துக்கடைக்குப் பொறுப்பாக இருக்கிறாள். அந்த வருடமே எனக்கும் குழுத் தலைமை கிடைத்தது. அதற்குப் பரிந்துரை எழுதியவர் அக்கா. வீட்டைக் காப்பாற்ற வேலையை விட்டுவிடு என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. வேலையில் இருக்கும் ஒழுங்கில் பாதியையாவது வீட்டுக்குக் கொண்டு போ என்பதுதான் அவர் கேட்டது. அது முடியும் என்பதற்கு அவர் வீடு கண்ணெதிரே இருந்தது.

செத்தவீடு முடிந்த அடுத்த ஞாயிறு நானும் நித்யாவும் பென்டில் ஹில் போனோம். ஜெயம் அண்ணை குசினி மேசையில் இருந்தார். முன்னால் அக்காவின் அந்த மாதத் தாள். இரவு வேலைகள் தொடர்ந்து வந்ததால் அந்த மாதம் அதைச் சரிபார்க்க அவருக்கு நேரம் கிடைத்திருக்கவில்லை. "பாக்காமல் விட்டுட்டன் தம்பி" என்றார். கையில் மஞ்சள் பேனா. முதலாம் தேதியிலிருந்து வாய்விட்டுப் படித்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தார். "அபியோட பல் டொக்டர். போனவ." மஞ்சள். "பரமட்டா, நாலு பன்னிரண்டு. வந்தவ." மஞ்சள்.

அந்தப் புதன்கிழமையில் பேனா நின்றது. கட்டத்துக்குள் அக்காவின் சின்ன எழுத்தில் இரண்டு வரி: 'நாலு பன்னிரண்டு. கதிர், நித்யா இரவுச் சாப்பாடு, இடியப்பம்.'

"இதுக்கு என்ன நிறம் தம்பி?" என்று அண்ணை கேட்டார். "நடக்கேல்லைத்தானே."

நித்யா அண்ணைக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, அந்த இரண்டு வரியையும் மெதுவாகப் படித்தாள்.

"இதுல தப்பு ஒண்ணும் இல்ல அண்ணா" என்றாள். "மஞ்சள் அடிங்க."

அடித்தார். தாளின் கீழே, சரிபார்த்தவர் என்ற இடத்தில் கையொப்பமிட்டு, எழுந்து போய்க் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பழைய இடத்திலேயே மாட்டினார்.

மறுநாள் திங்கள் நாலு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு எழுந்தேன். அக்காவின் மேசை மேல் யாரோ வைத்த பூக்கள் இருந்தன. தளம் முழுக்கக் கேட்கும்படி, அவர் பேச்சிலேயே, என் மதுரை வாய்க்கு வந்த வரையில் சொன்னேன்:

"போட்டு வாங்கோ அக்கா. எல்லாம் பாத்தாச்சு."