துண்டில் ஒட்டியிருந்த சளி

மலையடிவாரக் கம்பம் ஊர்க்காரர்களான நாங்கள் கடலைப் பார்ப்பதே வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் போகும்போதுதான். இந்த முறை கரையில், நான்கு மூலை வைத்த கண்ணாடிக் கிண்ணம் போல ஒரு வழவழத்த பிராணி ஒதுங்கிக் கிடந்தது. அடியில் நூல் நூலாகத் தொங்கியது. சேலையை ஒதுக்கிக்கொண்டு நான் விலகி வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் அங்கேயே குளித்துவிட்டு, அலையோரம் மணலில் கிடந்த ஈரத் துண்டை அப்படியே பிளாஸ்டிக் பையில் திணித்தார்.

மறுநாள் வீட்டில் பையைப் பிரித்தால் அழுகிய மீன் நாற்றம். துண்டில் சளி போல ஏதோ நீளமாக ஒட்டியிருந்தது.

"துண்டுலயா மூக்கச் சிந்துனீக? கருமம்" என்றேன்.

"சத்தியமா நான் சிந்தல புள்ள" என்றார்.

நான் நம்பவில்லை. துண்டை வாளித் தண்ணீரில் முக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அதை நகத்தால் சுரண்டினேன். கொதிக்கும் எண்ணெய் பட்டதுபோல் விரல்கள் எரிந்தன. புறங்கையில் சாட்டையடி போலச் சிவந்த கோடுகள் எழும்பின.

டாக்டரிடம் ஓடி, கரையில் பார்த்ததைச் சொன்னதும் அவருக்குப் புரிந்துவிட்டது. கையில் வினிகரை ஊற்றிக்கொண்டே, "அது பெட்டி ஜெல்லி மீனும்மா. நூலு அறுந்து கெடந்தாலும் அதுல வெசம் இருக்கும். கடல்ல ஒடம்பெல்லாம் சுத்தியிருந்தா நெஞ்சே நின்னுபோகும்" என்றார். அதைக் கேட்டு, அங்கே குளித்திருந்த வீட்டுக்காரர் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

இப்போதெல்லாம் கடலில் நனைந்த துணியைக் குச்சியால் விரித்துப் பார்த்து, கையுறை போட்டுத்தான் துவைக்கிறேன்.

"நான் சிந்தலன்னு இப்பவாச்சும் நம்புறியா?" என்று அவர் அடிக்கடி கேட்கிறார். நம்புகிறேன். அது அவருடைய சளியாகவே இருந்திருக்கக் கூடாதா என்றுதான் இருக்கிறது.