ஷேடு ஓகேங்க

ஞாயிற்றுக்கிழமை மதியம், கறிக்குழம்பு சாப்பிட்ட மயக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பிடித்து ஒரு ஜப்பான் அனிமே தொடரைப் பார்க்க வைத்தாள் மகள். பொம்மைப்படம்தானே என்று நம்பி உட்கார்ந்தேன். உலகம் அழிந்த பிறகு மிஞ்சிய ஏதோ ஓர் ஊர். விடாத தூறல், முகமூடி போட்ட ஜனம். ஒரு கிழவர் கிணற்றில் வாளியை இறக்குகிறார். அந்த எபிசோடே முடியப்போகிறது, வாளி இன்னும் மேலே வந்தபாடில்லை. கடைசியில் வந்தபோது அதில் ஊதா நிறத் தண்ணீர்.

"அம்மா, கலரைப் பாருங்க. என்ன அழகு!" என்றாள்.

எனக்கு உண்ட மயக்கம் சட்டென்று கலைந்தது.

அந்த ஊதாவை எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து வரும் மாதிரித் துணித்துண்டையும் நாங்கள் சாயமேற்றிய துண்டையும் லைட் பாக்ஸ் என்கிற விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்து, நிறம் ஒத்துப்போனால் 'ஷேடு ஓகே' என்று கையெழுத்துப் போட வேண்டும். பட்டறையின் அழுகின முட்டை வாடை டிபன் பாக்ஸுக்குள்ளும் புகுந்துவிடும். எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் ஒரே வாடைதான். முதல் சம்பளத்தில் சென்ட் வாங்கி அடித்துப் பார்த்தேன். சென்ட் அடித்த அழுகின முட்டை ஆனேன்.

லேபுக்குப் பின்னால் பள்ளம். ஓடையை எங்கள் பக்கம் பள்ளம் என்போம். பட்டறைக் கழிவெல்லாம் அதில்தான் போகும். காதர்பேட்டையிலிருந்து வரும் என் கூட்டாளி பானுவும் நானும் தினமும் ஜன்னலைத் திறக்கும் முன் என்ன நிறம் என்று பந்தயம் கட்டுவோம். "இன்னைக்கு மெரூன் பாரு புள்ள" என்பாள். நிறம் கெட்டியாக ஓடினால் ஆர்டர் நிறைய இருக்கிறது என்று சந்தோஷம் வேறு. வெயில் பட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். சொல்லவே கூசுகிறது.

ஒருநாள் கீழ்த்தோட்டத்து நாச்சிமுத்து வந்தார். பள்ளத்தை ஒட்டி அவருக்கு ஒரு தென்னந்தோப்பு, தோப்புக்கு ஒரே கிணறு. முதலாளியைக் கேட்டு வந்தவரை, "அவரு இல்லீங்க" என்று வாட்ச்மேன் எங்களிடம் தள்ளிவிட்டார். நாச்சிமுத்து பையிலிருந்து ஊதாத் தண்ணீர் நிறைந்த ஒரு பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார்.

"கெணத்துத் தண்ணிங்க கண்ணு. மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது. தென்னையெல்லாம் குருத்துக் கருகுதுங்க. இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? பாட்டிலை லைட் பாக்ஸுக்குள் வைத்தேன். பக்கத்தில் அன்று நாங்கள் சாயமேற்றிய துணித்துண்டை வைத்தேன். விளக்கை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஷேடு கரெக்டா மேட்ச் ஆகுதுங்க" என்றேன். குரலில் பெருமை வேறு.

பானு என் காலை மிதித்தாள். அவர் கோபப்படவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு வயிறு எரியும்போதுதான் மரியாதை கூடும்.

"அப்ப ஓகேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க கண்ணு. மாட்டுக்குக் காட்டோணுமுங்க."

பாட்டிலை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

இத்தனை வருடம் வெளியே விடாத இந்தக் கதையை அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மகளிடம் சொன்னேன். திரையில் கிழவர் இன்னும் வாளியோடு நின்றுகொண்டிருந்தார். இந்த எழவில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன்.

"மெதுவா அழியுதுங்கம்மா. யாருமே கத்தறதில்லை. அதுதான் புடிக்குது."

யாரும் கத்தவில்லைதான். கத்தியிருக்க வேண்டிய இரண்டு பேர் ஜன்னலில் நின்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தோம். அதே அசிங்கத்தை இப்போது சோபாவில் சாய்ந்து ரசிக்கிறோம். தூ!

தோப்பு இருந்த இடத்தில் இன்று பனியன் குடோன். கிணற்றைக் கான்கிரீட் போட்டு மூடி, மேலே ஜெனரேட்டரை வைத்துவிட்டார்கள். பள்ளத்தில் சாயமும் ஓடுவதில்லை, தண்ணீரும் ஓடுவதில்லை. நாச்சிமுத்து குடும்பம் மடத்துக்குளம் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. அங்கே தென்னை வைத்தார்களா என்று விசாரிக்க எனக்கு முகமில்லை.

"அந்த பாட்டில் என்னாச்சுங்கம்மா?" என்றாள் மகள்.

மேசையை அடைக்கிறதென்று, அன்று சாயங்காலமே லேப் சிங்க்கில் கவிழ்த்துவிட்டேன். அந்தக் குழாயும் பள்ளத்துக்குத்தான் போனது.