சின்னாவின் அரைஞாண் கயிறு

திருத்தணி மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. வருஷத்துக்கு ஒருமுறை காவடி தூக்கி ஏறுகிறவர்கள், இறங்கி வந்து ஒரு மாதம் அதையே பேசுவார்கள். எல்லம்மாள் நாளொன்றுக்கு நான்கு நடை ஏறினாள், தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். மலைமேல் இருந்த காபி கிளப்புக்கு அடிவாரக் குளத்துத் தண்ணீரை அவள்தான் சுமந்தாள். அதில் வேண்டுதல் ஒன்றும் கிடையாது, வெறும் கூலி. நாற்பத்தெட்டு வயதில் இரண்டு முழங்காலும் படிக்குப் படி முனகின. சாமி அவளைக் கண் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை; பார்த்திருந்தால் ஒரு நடையாவது குறைந்திருக்கும்.

யுத்தம் முடிந்த வருஷம், பங்குனி வெயிலில், ஆலமரத் திருப்பத்துப் படியில் ஒரு தாய்க்குரங்கு செத்துக் கிடந்தது. நாய் கடித்ததோ, கிளை முறிந்து விழுந்ததோ. அதன் மார்பில் உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. மிதிபடாமல் ஓரமாக இழுத்துப் போடலாம் என்று குடங்களை இறக்கி வைத்துக் குனிந்தாள். குட்டி தாயை விட்டுவிட்டு அவள் முந்தானையைப் பற்றிக்கொண்டது. ஒரு விரலைப் பிரித்தால் இன்னொரு விரல் இறுகியது. மேலே காபி கிளப்புக்காரர் தண்ணீருக்குக் கத்திக்கொண்டிருந்தார். பிரிக்க நேரமில்லாமல், அதையும் சுமந்துகொண்டு ஏறினாள்.

சாயங்காலம் வீட்டில் அவள் புருஷன் முனியன் பார்த்தான். கூலிக்கு ஏர் ஓட்டிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவன், செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"மூணு புள்ளைய வளத்து கட்டிக் குடுத்தாச்சு. அப்பாடான்னு ஒக்கார்ற நேரத்துல நாலாவதா ஒண்ணு இட்டாந்துக்கினியா?"

"நானா இட்டாந்தேன்? அதுவா வந்து புடிச்சிக்கினு உடமாட்டேங்குதுய்யா."

அவள் சொன்னது உண்மைதான். குழந்தைக்கு ஏங்கிக் குரங்கை வளர்த்தவள் அல்ல எல்லம்மாள். பெற்று, வளர்த்து, ஓய்ந்து போனவள். இன்னொரு வாய்க்குப் பால் தேட அவளுக்குத் தெம்பில்லை. ஆனாலும் ஆட்டுப்பாலில் துணியை நனைத்து வாயில் வைத்தாள். அது உறிஞ்சியது. அதற்குப்பின் அவள் என்ன செய்ய முடியும்?

இடுப்பில் குட்டி ஏறியபின் அங்கே குடத்துக்கு இடமில்லை. தலைக்குடம் ஒன்றுதான். நான்கு நடை எட்டு நடையாயிற்று. இப்படிப் பதினேழு மாதம்.

கைக்குப் பழகிப்போன வேலைகளைக் கை தானாகச் செய்துவிடும். குட்டி பிழைக்கும் என்று தெரிந்த அன்று, எல்லம்மாள் கறுப்பு நூலை முறுக்கி, மெழுகு தேய்த்து, அதன் இடுப்பில் ஓர் அரைஞாண் கயிறு கட்டினாள். பிள்ளை என்றால் வெறும் இடுப்போடு இருக்கக் கூடாது. தன் மூன்று பிள்ளைகளுக்கும் அப்படித்தான் கட்டினாள். சின்னா என்று பெயரும் வைத்தாள். முனியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மொட்டையும் அட்ச்சி காதையும் குத்திடு. சாமி எதிர்லதான கீது" என்றான். வளர வளர, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முடிச்சை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டினாள். அதுவும் பிள்ளைகளுக்குச் செய்கிற வழக்கம்தான்.

ஆனால் குரங்கு வீட்டில் இருக்கப் பிறந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். பல் முளைத்தபின், ஆலமரத் திருப்பத்தில் அதன் கூட்டம் உட்கார்ந்திருக்கும் நேரம் பார்த்து, சின்னாவை இறக்கிவிட்டுப் பத்துப் படி ஏறிப் போய் உட்காருவாள். அது கீச்சென்று கத்திக்கொண்டு ஓடி வரும். மறுநாள் இருபது படி. ஒரு கிழட்டுப் பெண்குரங்கு அதற்குப் பேன் பார்க்கத் தொடங்கியபோது எல்லம்மாளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அந்தக் கிழட்டுச் சிறுக்கிமேல் எரிச்சலாகவும் இருந்தது.

மறுவருஷம் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்தபின் ஒருநாள், சின்னா கூட்டத்தோடு இருந்துவிட்டது. மூன்றாம் நாள் திரும்பி வந்து அவள் சேலையைப் பிடித்தது. அவள் ஒரு கல்லை எடுத்து எறிந்தாள். கல் அதன் தொடையில் பட்டது. அது நின்று அவளைப் பார்த்துவிட்டு மரமேறிப் போயிற்று. அன்று குடத்தை இறக்கி வைத்துவிட்டு, காபி கிளப்பின் பின்பக்கம் போய் வாய்விட்டு அழுதாள்.

முகத்தைப் பார்த்தால் மறுபடி வந்துவிடும் என்று பயம். அதனால் அந்தத் திருப்பம் வந்தால் தலையைக் குனிந்துகொண்டே ஏறுவாள், குனிந்துகொண்டே இறங்குவாள். ஆறு மாதம் ஒருதடவைகூட நிமிர்ந்து மரத்தைப் பார்க்கவில்லை.

தை மாதக் கடைசியில் தம்பி கஜபதி வந்தான். காவடிப் பலகைக்கும் கடைப் பலகைக்கும் சாயம் அடித்துப் பிழைப்பவன். சின்னா வளர்ந்த நாளெல்லாம் வந்து வந்து பார்த்து, கிடைத்த காகிதத்தில் படம் போட்டுக்கொண்டே இருந்தான். மெட்ராசில் குழந்தைகளுக்குப் படக்கதைப் புத்தகம் போடுகிற ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, பதினாறு பக்கம் வண்ணத்தில் கொண்டுவரச் சொல்லியிருந்தார். முடித்த கையோடு அக்காளுக்குக் காட்ட வந்திருந்தான்.

"பாவா, நீயும் வந்து பாரு. நீயும் கீற" என்று முனியனையும் கூப்பிட்டான்.

எல்லம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. கஜபதி ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரி வாசித்தான். முந்தானையைப் பற்றிய குட்டி. பால் துணி. தலையில் அடித்துக்கொள்ளும் முனியன். பேன் பார்க்கும் கிழக்குரங்கு. கல் எறிந்ததை மட்டும் அவன் போடவில்லை. குழந்தைகளுக்கு வேண்டாம் என்றான். கடைசிப் பக்கத்தில் ஆலமர உச்சியில் சின்னா உட்கார்ந்து தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்லா கீதாக்கா?"

எல்லம்மாள் படத்தில் சின்னாவின் இடுப்பைப் பார்த்தாள். மெல்லிய தூரிகையால், முடிச்சோடு சேர்த்து, அந்தக் கறுப்புக் கயிற்றை அவன் ஒழுங்காக வரைந்திருந்தான்.

"அய்யோ, நான் அவுக்கலையே" என்றாள்.

தன் படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த முனியனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவன் சிரிப்பு நின்றுபோயிற்று. கடைசியாகத் தளர்த்திக் கட்டியது ஆனி மாதம். அது அறுந்துபோகாத நூல். மெழுகு தேய்த்து முறுக்கியவளே அவள்தான். வளர்கிற உடம்பில் ஏழு மாதம். கயிறு இறுகிக் கழுத்துச் சதைக்குள் இறங்கிய ஓர் ஆட்டை அவர்கள் இரண்டு பேருமே பார்த்திருந்தார்கள்.

மறுநாள் கஜபதியின் பென்சில் சீவுகிற கத்தியை மடியில் செருகிக்கொண்டு போனாள். ஆலமரத் திருப்பத்தில் முதல்முறையாக நிமிர்ந்தாள். சின்னா தனியாக, கூட்டத்துக்குச் சற்று விலகி உட்கார்ந்திருந்தது. இடுப்பில் கயிறு கண்ணுக்குத் தெரியவில்லை. அது இருந்த இடத்தில் மயிர் வளையமாகப் பிளந்து, ஈரமாக மினுங்கியது. ஈக்கள் மொய்த்தன.

"சின்னா, வாடா நைனா."

அது வரவில்லை. கல்லெறிந்தவள் கூப்பிட்டால் எப்படி வரும்? அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அந்தத் திருப்பத்தில் அவள் உட்கார்ந்தே இருந்ததால் மூன்று நாள் கூலி போயிற்று. காபி கிளப்புக்காரர் வேறு ஆள் பார்ப்பதாகச் சொன்னார். பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தாள். ஆறு மாதம் பாடுபட்டு மறக்கவைத்ததை இப்போது கெஞ்சி நினைவுபடுத்த வேண்டியிருந்தது. அதை எண்ணும்போது உடம்பெல்லாம் அசந்து வந்தது.

நான்காம் நாள், ஆட்டுப்பாலில் நனைத்த பழைய துணியை மடியில் வைத்துக்கொண்டு, இடுப்பை ஒருபக்கம் சாய்த்து, பிள்ளை தூக்குகிறவள் நிற்கிற மாதிரி நின்றாள். வெகுநேரம் நின்றாள். முழங்கால் மரத்துப்போனது. பிறகு பின்னால் இருந்து ஒரு கனம் வந்து இடுப்பில் ஏறியது. பழைய சின்னா அல்ல, நல்ல கனம். கழுத்தில் முகம் வைத்து மூச்சு விட்டது.

அந்த மூச்சு படும்போது அவளுக்குக் கத்தியை எடுக்க மனமே வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். பிறகு அதை மடியில் கிடத்தி, ஒரு கையால் அமுக்கிப் பிடித்து, கத்தி நுனியைச் சதைக்குள் விட்டு நூலைத் தேடினாள். சின்னா அலறியது. அவள் இடது கையைக் கவ்விக் கடித்தது. கூட்டம் முழுவதும் கிளைகளைக் குலுக்கிக்கொண்டு இறங்கி வந்தது. அவள் விடவில்லை. நூல் அறுபட்டு வெளியே வந்தபின்தான் கையைத் தளர்த்தினாள். அது ஒரே பாய்ச்சலில் மரமேறி, அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமியது. பெரிய ஆண்குரங்கு எப்படி உறுமுமோ அப்படி.

வீட்டில் முனியன் கடிவாய்க்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து வைத்துக் கட்டினான். கேலி பேசவில்லை. "இனிமேட்டு உன்கிட்ட வராது எல்லம்மா" என்று மட்டும் சொன்னான்.

"ஆங். வராது."

ரயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த கஜபதியிடம், கடைசிப் படத்தில் கயிற்றை அழிக்கச் சொன்னாள்.

"அத்த அழிச்சிட்டா, மத்த கொரங்குல இது எதுன்னு புள்ளைங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"தெரிய வாணாம்டா. எனக்கே தெரிய வாணாம்."

அவன் பழுப்புச் சாயம் குழைத்து அதன்மேல் பூசினான். கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. விரலால் தடவிப் பார்த்தால் மட்டும் அந்த இடம் தடித்திருந்தது. அச்சில் அதுவும் வராது என்றான்.

பங்குனி பிறந்தது. காபி கிளப்புக்காரர் வேறு ஆள் கிடைக்காமல் அவளையே கூப்பிட்டுக்கொண்டார். இடுப்பில் மறுபடி குடம் ஏறியது. பழையபடி நான்கு நடை. ஒருநாள் ஆலமரத் திருப்பத்தில் நின்று, நிமிர்ந்து பார்த்தாள். ஒரே பருவத்தில் ஏழெட்டு இளங்குரங்குகள் கிளையில் உட்கார்ந்திருந்தன. புண் ஆறி மயிர் மூடியிருக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதுவும் அவள் பக்கம் திரும்பவில்லை. எது சின்னா என்று அவளுக்குத் தெரியவில்லை.

குடங்களை இறக்கி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதாள். மேலே இருந்து தண்ணீருக்குக் குரல் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு குடத்தைத் தலையில் ஏற்றி, இன்னொன்றை இடுப்பில் வைத்து, மீதிப் படிகளை ஏறினாள்.