இரண்டு பேர் இழுக்கிற படகு

எங்கள் பழைய மரப் படகான டுங்கியின் அடிப்பலகையில் விரலை வைத்து அழுத்தினால் விரல் உள்ளே இறங்கும் நிலை வந்தபோது எனக்கு ஐம்பத்தேழு வயது. மனைவிக்கு ஐம்பத்திரண்டு. மகன் சென்னையில் ஒரு கப்பல் ஆபீஸில் வேலை கிடைத்துப் போனதிலிருந்து, படகில் அவன் உட்கார்ந்த இடத்தில் அவள் உட்கார்ந்து என்னோடு கடலுக்கு வந்துகொண்டிருந்தாள். தூண்டில் போடுவதில் அவள் கை என் கையைவிடப் பொறுமையானது.

இந்தத் தீவில் பெரார்கஞ்சில் பஸ் மாறி, கடைசி நிறுத்தத்தில் இறங்கி நடந்தால் எங்கள் வீடு. ஒரு பக்கம் சின்ன மணல் கரை. இன்னொரு பக்கம் சதுப்புக்காட்டுக்குள் வளைந்து போகும் உப்புநீர்க் கால்வாய், கிரீக் என்போம். புதுப் படகு வாங்கியே ஆக வேண்டும் என்றானபோது எங்கள் முன் இரண்டு இருந்தன. மெயின்லாண்டுக்கே திரும்பிப் போக நினைத்துக்கொண்டிருந்த ஒரு மலையாளி கான்ட்ராக்டரின் அலுமினியப் படகு. பத்துபஸ்தியில் இருக்கும் என் மனைவியின் தம்பி விற்க வைத்திருந்த ஃபைபர் படகு. அவன் டூரிஸ்டுகளைத் தீவு சுற்றிக் காட்டக் கூட்டிப்போகிறவன். ஃபைபர் வேலை அவனுக்கே தெரியும்.

முதலில் அலுமினியத்தை ஓட்டிப் பார்த்தோம். கான்ட்ராக்டர் கரையில் குடையோடு நின்றார். எஞ்சினைக் கழற்றிவிட்டு, முன்பக்கம் அவளும் பின்பக்கம் நானும் பிடித்தோம். படகு மணலில் வழுக்கிக்கொண்டு வந்தது. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"இத நாம ரெண்டு பேருமே இழுத்திரலாம்" என்றாள்.

ஆனால் கடலில் அது என் காதைத் தின்றது. ஒவ்வொரு சின்ன அலைக்கும் அடியில் யாரோ தகரத்தைத் தட்டுவதுபோல் சத்தம். எஞ்சினை நிறுத்தித் தூண்டில் போட்டால் காற்று படகைக் காகிதம்போல் தள்ளிக்கொண்டு போனது. ஈயக்குண்டு படகின் தரையில் விழுந்து சத்தம் போட்டபோது, கீழே இருக்கிற மீனெல்லாம் ஓடியிருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து பத்துபஸ்திக்குப் போனோம். மைத்துனன் ஃபைபர் படகைப் படகுத்துறை ஜெட்டியில் கட்டி வைத்திருந்தான். கனமான படகு. அலையை வெட்டிக்கொண்டு போனது. நிறுத்தினால் நின்ற இடத்தில் நின்றது. என் இடுப்புக்கு அது சுகமாக இருந்தது.

"அந்தத் தகர டப்பாவ நம்பாதீங்க அத்தான்" என்றான் அவன். "தகடு ஒட்டுன தையல் விட்டுச்சுன்னா இங்க எவன் அலுமினியம் வெல்டிங் அடிப்பான்? கப்பல்ல ஏத்தி மெயின்லாண்டுக்குத்தான் அனுப்பணும். இதுன்னா பவளப்பாறைல இடிச்சாலும் நானே வந்து ரெசின் பூசிட்டுப் போயிருவேன். கோயீ டென்ஷன் நஹீ, ஒரு கவலையும் இல்ல."

அங்கேயே சரி என்று சொல்லிவிட்டேன். அவள் என் பக்கத்தில்தான் நின்றாள். அவளைப் பார்க்கக்கூட இல்லை.

ஃபைபர் படகு வீட்டுக்கு வந்த முதல் வாரமே அதன் குணம் தெரிந்தது. அதைக் கரையேற்ற நாலு பேர் வேண்டும். பக்கத்தில் இருப்பவர்கள் நல்லவர்கள்தான். ஒரு வங்காளிக் குடும்பம், இரண்டு தெலுங்குக் குடும்பங்கள். கூப்பிட்டால் வருவார்கள். ஆனால் தினமும் போய் வாசலில் நின்று கூப்பிடுவது இழுப்பதைவிட அலுப்பான வேலை. பத்து நாளில் விட்டுவிட்டேன். படகைக் கிரீக்கிலேயே நங்கூரம் போட்டு நிறுத்தினேன். காலையில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய் ஏற வேண்டும். திரும்பி வந்தால் அதேபோல் இறங்க வேண்டும்.

காட்டிலாகா காவலர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டுக் கரையிலிருந்து கத்தினார். "பாயி, பானி மே மத் உத்ரோ! மகர்மச் ஹை இதர்!"

தண்ணீரில் இறங்காதே, இங்கே முதலை இருக்கிறது என்றார். அது எங்களுக்கும் தெரியும். கிரீக் ஓரம் வாழ்கிற எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே எட்டு மாதம் அந்தத் தண்ணீரில் நடந்தோம். அவள் ஒருநாளும் முறையிடவில்லை. இறங்குமுன் சிலுவை போட்டுக்கொள்வாள், அவ்வளவுதான்.

ஒரு நாள் விடிந்து வெளிச்சம் நன்றாக வந்த பிறகு இறங்கினோம். ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தள்ளிக்கொண்டு அவள் முன்னால் போனாள். பெட்ரோல் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு நான் பின்னால். திடீரென்று நின்றாள்.

"அசையாதீங்க" என்றாள். சத்தமே போடவில்லை.

வேர்களின் ஓரத்தில் தண்ணீர் ஒரு கோடாகச் சுருங்கி எங்களை நோக்கி வந்தது. அவள் பெட்டியை எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளிவிட்டாள். பின்னால் நீட்டிய கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தோம். முழங்காலளவுத் தண்ணீருக்கு வந்தபோது அந்தப் பெட்டி வெடித்ததுபோல் உடைந்தது. வெள்ளைத் துண்டுகள் தண்ணீரெங்கும் மிதந்தன. பிறகு ஓடினோம். சேற்றில் விழுந்து எழுந்து ஓடினோம். கேன் எங்கே போனதென்று தெரியாது.

வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு அவள் சொன்னாள். "நான் இனி வரல."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அதன் பிறகு கிரீக்கில் இறங்க எனக்கும் தைரியம் வரவில்லை. படகை மணல் கரைக்கே கொண்டுவந்தேன். மறுபடியும் ஆள் கூப்பிட்டு இழுத்து, தனியாகப் போய்வந்தேன். மூன்று வாரத்தில் வலது தோளைத் தூக்க முடியவில்லை. மத்தியானம் வந்தால் சாப்பிடாமல் தூங்கிவிடுவேன். ஒரு நாள் எழுந்தபோது அவள் என் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அலுமினியத்த கான்ட்ராக்டர் இன்னும் யாருக்கும் குடுக்கல" என்றாள். "நான் போன் பண்ணிக் கேட்டேன். நமக்காக வச்சிருக்கச் சொல்லிட்டேன்."

எப்போது கேட்டாய் என்றேன். முதலை வந்த அன்றைக்கே என்றாள். உன்னை அன்றைக்கு ஜெட்டியிலேயே கேட்டிருக்க வேண்டும் என்றேன்.  அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

ஃபைபர் படகைத் திரும்ப எடுத்துப்போக வந்த மைத்துனனுக்கு முகம் சரியில்லை. "கடைசில தகர டப்பாதானா அத்தான்?" என்றான். நான் என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள் அவள் சொன்னாள். "உன் போட்டுல ஒரு குறையும் இல்லடே. எங்ககிட்ட இழுக்கத்தான் ஆள் இல்ல."

அவன் எங்கள் இருவரையும் பார்த்தான். பிறகு சாப்பிட உட்கார்ந்தான்.

அலுமினியம் வந்து இரண்டு வருடமாகிறது. அதன் தொல்லைகளும் தெரிந்துவிட்டன. வெயிலில் தரை அடுப்புத் தட்டு ஆகிவிடும். சாக்கை நனைத்து விரித்துத்தான் உட்கார முடியும். எஞ்சின் மாட்டும் போல்ட்டுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கிறது. உப்புத் தண்ணீரில் இரும்பு அலுமினியத்தைத் தின்னும் என்று மைத்துனன்தான் வந்து பார்த்துச் சொன்னான். நடுவில் ரப்பர் வைத்து மாட்டிக் கொடுத்தான். ஒரு தையலில் தண்ணீர் கசிகிறது. அவள் பாதியாக வெட்டிய எண்ணெய்க் கேனால் அள்ளி ஊற்றிக்கொண்டே வருவாள். காற்று எழுந்தால் பவளப்பாறையைத் தாண்டிப் போவதில்லை. முன்பு வாரத்தில் ஆறு நாள் போனோம், இப்போது மூன்று நாள். மீன் குறைந்தது சத்தத்தாலா, நாட்கள் குறைந்ததாலா என்று எனக்குத் தெரியவில்லை. யோசிக்கவும் அலுப்பாக இருக்கிறது.

திரும்பி வந்ததும் எஞ்சினைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு பேரும் படகை இழுக்கிறோம். நடுவில் ஒரு முறை நிற்கிறோம். மேட்டுக்கு வந்ததும் மணலில் உட்கார்ந்துவிடுகிறோம். எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வீடுவரை நடக்க வேண்டும், மீனைப் பிரிக்க வேண்டும்.  பெரும்பாலும் அவள்தான் முதலில் எழுகிறாள்.