கனமான துப்பாக்கி

எங்கள் லயத்து வீட்டு வரிசையில் எல்லார் வாசலிலும் பிள்ளைகள் நொண்டிக்கோடு கிழித்து ஆடுவார்கள். எங்கள் வாசல் மட்டும் துடைத்துவிட்டது போலக் கிடக்கும். அப்பா தோட்டத்துக் காவல்காரர். செம்பனைக் குலை திருடுகிறவர்களைப் பிடித்து ஆபீசில் ஒப்படைப்பது அவர் வேலை. புக்கிட் ரோத்தான் பக்கம் அந்த எண்பதுகளில் திருடர்கள் எங்கிருந்தோ வந்துவிடுவதில்லை. பக்கத்து வீட்டிலிருந்துதான் வருவார்கள். ஆகவே அம்மா தண்ணீர்க் குழாய்க்குப் போனால் அங்கே பேச்சு நின்றுவிடும். என்னை யாரும் ஆட்டத்துக்குச் சேர்க்க மாட்டார்கள். நானே கோடு கிழித்து, நானே ஆடி, நானே தோற்பேன். எட்டு வயதில் அதைவிடப் பெரிய துக்கம் எனக்கு இல்லை.

அப்பாவின் கைத்துப்பாக்கி ஆபீஸ் இரும்புப் பெட்டியில் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை போலீஸ் திடலில் அட்டையைக் குறிவைத்துச் சுட்டுக் காட்ட வேண்டும். தேறாவிட்டால் காவல் வேலை போய்விடும். மற்றவர்களோடு குலை வெட்டத்தான் போக வேண்டும். அப்பா தேறக்கூடாது என்று தோட்டத்து முனியாண்டியிடம் வேண்டிக்கொண்டேன். முனியாண்டிக்கு அன்று வேறு ஜோலி இருந்திருக்கும்.

அப்பா தேறிவிட்டார். ஆனால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல் கிழிந்து, கை ரொட்டி போல வீங்கியிருந்தது. அம்மா வெந்நீரில் உப்பைப் போட்டு முக்கிவிட்டாள். சுட்டவரையே துப்பாக்கி எப்படி அடிக்கும் என்று கேட்டேன். அப்பா என்னைத் தண்ணீர் வாளியைத் தூக்கச் சொன்னார். வாளியின் மெல்லிய கைப்பிடிக் கம்பி விரலை அறுத்தது. கம்பியில் துண்டைச் சுற்றிவிட்டு மறுபடி தூக்கச் சொன்னார். அதே தண்ணீர்தான், அறுக்கவில்லை.

"இந்தத் துப்பாக்கி லேசு, பிடியும் ஒல்லி. அதான் துள்ளிக் கைய அடிக்குது. கனமா, பிடி தடியா இருந்தா சும்மா தள்ளும், அவ்வளவுதான் லா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கை வலிக்கவே இல்லை என்று அப்பா சமாதானம் சொன்னார். நான் கைக்காக அழவில்லை.

"நீங்க தோத்திருந்தா எல்லாரும் என்கூட வெளையாடியிருப்பாங்கப்பா."

அப்பா வாளியிலிருந்த துண்டை அவிழ்த்துக் கொடியில் போட்டார்.

அடுத்த ஆண்டு தோட்டத்துக்கு வேறு துப்பாக்கி வந்தது. நீளக் குழல், நல்ல கனம், உள்ளங்கை நிறையும் ரப்பர் பிடி. இதைச் சின்னப் பிள்ளைகூடச் சுடலாம் என்று அப்பா அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். அதைத் திடலுக்குக் கொண்டுபோன அப்பா ஒரு குண்டும் அட்டையில் படாமல் திரும்பி வந்தார். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி முதல் வேலை வாங்கும் மண்டோர் வரை கேலி பேசினார்கள். வயதாகிவிட்டது என்று அப்பாவும் சேர்ந்து சிரித்தார். நான் அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வீக்கம் இல்லை, ஒரு கீறல்கூட இல்லை. நல்ல துப்பாக்கி என்றேன். ஆமாம் என்றார். முனியாண்டிக்கு இந்த முறை காது கேட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் எங்கள் வாசலிலும் நொண்டிக்கோடு விழுந்தது. அப்பா குலை வெட்டப் போனார். அவர் ஒரு காலத்தில் பிடித்துக் கொடுத்தவர்கள்தான் கூட வேலை செய்தார்கள். பிள்ளைகள் மறந்ததைப் பெரியவர்கள் மறக்கவில்லை. பள்ளி விடுமுறையில் நான் கோப்பி கொண்டுபோகும்போது, அவர்கள் ஒரு மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். அப்பா இன்னொரு மரத்தடியில் தனியாக இருப்பார்.

அவ்வளவு நல்ல துப்பாக்கியை வைத்துக்கொண்டு எப்படியப்பா தோற்றீர்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கோப்பியைக் கொடுத்துவிட்டு ஓடி வந்துவிடுவேன். ஆட்டத்தில் என் முறை வந்திருக்கும்.