லாரி ஓடாத நாள்

சேவியரின் வலது கண் போனதற்குக் காரணம் நான்தான்!

விசாரணையில் இதை நான் சொல்லவில்லை. என் மனைவியிடமும் சொன்னதில்லை. முன்பின் அறியாத உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்க முடியாதல்லவா, அந்தத் துணிச்சல்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள் அவை. திருவொற்றியூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய சிறிய ஆய்வுக்கூடம். மீக்கடத்திப் படலங்களைச் சோதிப்பது என் வேலை. மயிரிழையைவிட மெல்லிய பூச்சு. கடுங்குளிரான திரவ ஹீலியத்தில் அமிழ்த்தினால் தடையே இல்லாமல் மின்சாரத்தைச் சுமக்கும். ஹீலியம் ஊற்றுவது சேவியரின் பொறுப்பு. ராயபுரத்துக்காரன், என் வயதுக்காரன். ஒருநாளும் என்னை ‘சார்’ என்றதில்லை.

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எங்கள் சுவரை ஓயாமல் உலுக்கும். அதனால் எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. திரையில் அளவீட்டுக் கோடு திடீரென்று தாவினால், யாராவது “லாரி!” என்பார்கள். அதை அழித்துவிட்டு மறுபடி அளப்போம். யாரும் சாலையை எட்டிப் பார்த்ததில்லை.

பிறகு அந்தக் காலை வந்தது.

“இன்னா மாமு, ரோடே வெறிச்சோடி கீது! லாரி ஸ்டிரைக்காம். இன்னிக்குக் கோடு நூலு புடிச்சா மாதிரி வரும் பாரு” என்று சொல்லிவிட்டுச் சேவியர் டீ குடிக்கப் போனான்.

நான் தனியாக அமர்ந்து அளந்தேன். கோடு தாவியது. மறுபடி அளந்தேன்... மறுபடியும் தாவியது!

என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. காந்தப்புலம் படலத்தின் ஓரங்களிலிருந்து மெல்லத்தான் உள்ளே நுழைய வேண்டும். எங்கோ ஓரிடம் சற்றுச் சூடானால் அந்த இடம் தளரும்; தளர்ந்த வழியே மேலும் புலம் புகும்; மேலும் சூடாகும்... ரேஷன் கடைக் கதவு திறந்ததும் முன்னால் நிற்பவர் தடுக்கி விழ, வரிசையே அவர்மேல் சரிவதைப் போல. கண்ணிமைக்கும் நேரம் போதும். அப்படிச் சரியும் படலத்தில் அதிக மின்சாரம் செலுத்தினால் அது எரிந்துபோகும்.

இத்தனை நாளும் லாரி என்று அழித்ததெல்லாம் இதுதானா? ஆனால் அடுத்த வாரம் பெரிய சோதனை. படலம் நிலையானது என்று எல்லோரிடமும் அடித்துச் சொன்னவன் நான். எந்த முகத்தோடு இல்லை என்பேன்?

“இன்னா, எப்டி வந்துகினு கீது?” திரும்பி வந்த சேவியர் கேட்டான்.

“நூல் பிடிச்ச மாதிரி” என்றேன். தாவிய கோடுகளை அதற்குள் அழித்திருந்தேன்.

சோதனை நாளில் மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை... வாய் வரவில்லை. படலம் அமிழ்ந்திருந்த ஹீலியக் கலத்தின் பக்கத்தில் சேவியர் நின்றான். வாயு வெளியேறும் வால்வை முழுவதும் திறந்தான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கோடு தாவியது. படலம் எரிந்து, பொறி பறந்து, ஹீலியம் முழுவதும் ஒரே மூச்சில் கொதித்தது. திறந்திருந்த வால்வு அதற்குப் போதவில்லை. கலத்தின் மூடி பிய்த்துக்கொண்டு சேவியரின் முகத்தில் அடித்தது.

வால்வு நொறுங்கிவிட்டதால், அது திறந்திருந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. என்னைக் கேட்டார்கள். “கவனிக்கவில்லை” என்றேன். அவன் திறக்க மறந்துவிட்டான் என்று முடிவுகட்டி வேலையைவிட்டு நீக்கினார்கள். எனக்குப் பதவி உயர்வு வந்தது. வேண்டாம் என்றா சொன்னேன்? வாங்கிக்கொண்டேன்!

போன மாதம் வண்ணாரப்பேட்டையில், என் மகள் கல்யாணத்துக்குத் துணி எடுத்த கடையில் அவனைப் பார்த்தேன். அங்கே வேலையாளாகத் துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மாமு, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்... அன்னிக்கு வால்வ நான் தொறந்தேன்னுதான் மன்சு சொல்லுது. வூட்டுல யாரும் நம்ப மாட்டேன்றாங்க. நீ பக்கத்துலதான இருந்த? பார்த்தியா?”

“ஞாபகம் இல்லடா” என்றேன்.

“சரி வுடு. என் தப்பாத்தான் இருக்கும்” என்றான்.

பிறகு என் துணிப் பைகளை வாங்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம்வரை தூக்கி வந்தான். நானும் தூக்கவிட்டேன்.