மெஷின் ரூம் கிளாடிஸ்

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், இடது மணிக்கட்டை வலது கையால் இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் கிளாடிஸ். முன்னால் நாற்காலியில் இருப்பவர் தப்பான எண்ணை அழுத்தப்போகிறார் என்பது அவளுக்குத் தெரியும். எட்டி ஒரு விரலை நீட்டினால் போதும். நீட்டமாட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, மெஷின் 'டக்'கென்று கார்டில் ஓட்டை போடும்வரை காத்திருப்பாள்.

“போச்சா?” என்பார் அவர்.

“போச்சு. அழிக்க ரப்பர் கிடையாது, அண்ணாச்சி. புதுக் கார்டு இருக்கு. எங்க தப்பு பண்ணோம்னு மட்டும் சொல்லிட்டு எடுங்க.”

“நீயே அழுத்திக் காட்டக்கூடாதாம்மா?”

“நான் அழுத்துனா எனக்குத்தான் வரும்.”

தூத்துக்குடியில், பழைய படகுத்துறைக்கு எதிரே, கடற்கரைச் சாலையில் இருக்கிறது அந்தக் கப்பல் ஏஜென்சி. புதுத் துறைமுகம் திறந்து சரக்கு பெருகவும், பேனாவால் எழுதி மாளாது என்று முதலாளிகள் மெஷின் வாங்கிப் போட்டார்கள். இப்போது ஒவ்வொரு சரக்குக்கும் பெயர் போய் எண் வந்துவிட்டது. அந்த எண்களை மெஷினில் அழுத்தினால் அட்டையில் ஓட்டை விழும். அட்டைப் பெட்டி ரயிலில் மெட்ராஸ் போகும். அங்கே ஒரு பெரிய கம்ப்யூட்டர் அதைப் படித்து, எந்தச் சரக்கு எந்தக் கப்பலில் ஏறவேண்டும் என்று அச்சடித்த காகிதமாகத் திருப்பி அனுப்பும். கைநாற்காலியில் சாய்ந்து பேனா பிடித்திருந்த கிளார்க்குகளை மெஷின் முன்னால் உட்காரவைத்துப் பழக்குவதும், அவர்கள் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் ஓடிப்போய் நிற்பதும்தான் கிளாடிஸின் உத்தியோகம்.

ஊர்க்காரிதான். அப்பா கொழும்புக்குத் தோணி ஓட்டிய தலைமை மாலுமி, தண்டல். மெட்ராஸில் ஒரு பெரிய கம்பெனியின் பஞ்சிங் ஹாலில் பல வருஷம் விரல் தேயத் தட்டியவள். தூத்துக்குடிக்கு மெஷின் வருகிறது என்றதும், பெட்டியைக் கட்டிக்கொண்டு அம்மாவிடமே வந்துவிட்டாள். அம்மாவுக்குக் கால் வீங்கி நடக்க முடியாது. வீட்டில் சம்பாதிக்கிறவள் இவள் ஒருத்திதான்.

மெட்ராஸ் சொல்லித்தராத தொந்தரவு ஒன்று இந்த ஊரில் உண்டு. உப்புக்காற்று. அட்டை ஈரம் குடித்து உப்பிக்கொண்டு மெஷினுக்குள் சிக்கிவிடும். அதற்காக அட்டை அலமாரிக்குள் எப்போதும் ஒரு குண்டு பல்பு எரியவிட்டிருக்கிறாள். காலையில் வந்ததும் ஒரு கார்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். ஜில்லென்று இருந்தால், “இன்னைக்கு மெஷின் மக்கர் பண்ணும், மாதாவே” என்று முனகிக்கொண்டு கைப்பையைத் திறப்பாள். உள்ளே ஜெபமாலையோடு ஒரு துண்டு ஆக்ஸா பிளேடும் கிடக்கும். சிக்கிய கார்டைக் கிழியாமல் நெம்பி எடுப்பது அதனால்தான்.

மெஷின் வந்த புதிதில் ஆபீஸே விறைத்துக் கிடந்தது. இது வந்தால் பாதிப்பேர் வீட்டுக்குத்தான் என்று பேச்சு. மேனேஜர் சிவசுப்பிரமணியன் எல்லாரையும் ஹாலில் கூட்டி, கிளாடிஸை முன்னால் நிறுத்தினார். “யாரையும் அனுப்ப மாட்டோம்னு நீங்களே சொல்லிடுங்க” என்றார். “நிசந்தானா சார்?” என்று அவரிடம் ரகசியமாகக் கேட்டு, அவர் தலையசைத்த பிறகுதான் அவள் சொன்னாள். அதன் பிறகுதான் ஒவ்வொருவராக நாற்காலிக்கு வந்தார்கள்.

வராதவர் நல்லக்கண்ணு. சரக்குப் பிரிவின் மூத்த கிளார்க், ஆழ்வார்திருநகரியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். கிளாடிஸை 'மெட்ராஸ்காரி' என்பார், அவள் காதுபடவே. “கோழி கொத்துன மாதிரி அட்டைய ஓட்ட போடுதது ஒரு வேலையாலே?” என்று பக்கத்து மேசையைக் கேட்பார். கட்டாயத்துக்கு உட்கார்ந்த அன்று வேகவேகமாகத் தட்டி, எல்லாம் தப்பாகி, செல்லப்பாண்டி என்ற இளவட்டக் கிளார்க் சிரித்துவிட, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோனார்.

கிளாடிஸ் பார்த்தது வேறு. மெஷின் அவருக்குப் பிரச்சினை இல்லை. தெரியவில்லை என்பதை நாலுபேர் முன்னால் காட்டுவதுதான் பிரச்சினை. சந்தேகம் வந்தால் கேட்கமாட்டார். குத்துமதிப்பாக ஒன்றை அழுத்திவிட்டு நகர்ந்துவிடுவார். மறுநாள் எல்லாரும் சாப்பிடப் போனதும் அவர் மேசைக்குப் போய், “அண்ணாச்சி, ரூம்ல யாரும் இல்ல. சும்மா வந்து உக்காந்து பாக்கியளா?” என்றாள். அவர் எழுந்து வந்தார். அதுமுதல் அவருக்கு மதியம்தான் பாடம். கிளாடிஸின் சாப்பாடு நேரம் கெட்டுப்போனது.

போன ஐப்பசியில்தான் அந்தக் கூத்து நடந்தது. மருந்துச் சரக்காக ஜெர்மனிக்குப் போகவேண்டிய அவுரி இலைக்கு நல்லக்கண்ணு அழுத்தியது மிளகாய் வற்றலின் எண். அடைமழை, கப்பல் அவசரம்; சரிபார்க்கக் கொடுக்காமலே பெட்டியைக் கட்டிவிட்டார்கள். மெட்ராஸிலிருந்து வந்த காகிதம் 'மிளகாய் வற்றல்' என்றது. துறைமுகக் கொட்டகையில் மூட்டை சுமந்தவர்கள் தும்மித் தும்மிக் கண்ணீர் விட்டுக்கொண்டு ஏற்றினார்கள். அவுரி ஏறவேண்டிய கப்பலில் இது ஏதடா என்று அவர்களுக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் காகிதத்தில் உள்ளதை யாரும் மாற்றிக் கேட்கக்கூடாது என்பது மேனேஜர் போட்டிருந்த உத்தரவு. கப்பல் போன பிறகு, தன் சரக்கு கொட்டகையிலேயே கிடக்கக் கண்ட அவுரி வியாபாரி வந்து ஹால் நடுவில் நின்று கத்தினார். நல்லக்கண்ணு தலையைத் தூக்கவே இல்லை.

மேனேஜர் கிளாடிஸைக் கூப்பிட்டார்.

“நல்லக்கண்ணுக்கு இது வராதுன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க, மிஸ் கிளாடிஸ். மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

“தப்பு அவரு பண்ணதுதான் சார். இல்லன்னு சொல்லல. வராதுன்னு மட்டும் எழுத மாட்டேன். வரும். பையத்தான் வரும்.”

“பைய வாரதுக்கு கப்பல் நிக்குமா?”

கிளாடிஸுக்கு அம்மாவின் வீங்கிய கால் நினைவுக்கு வந்தது. ஆனாலும் சொன்னாள்: “யாரையும் அனுப்ப மாட்டோம்னு அன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொன்னது என் வாய் சார். நீங்க சொல்லச் சொன்னீங்க. அத நம்பித்தான் அவங்க வந்து உக்காந்தாங்க. இப்ப ஒருத்தர அனுப்பினா, நாளைக்கு யாரு எங்கிட்ட சந்தேகம் கேப்பா? தெரியலன்னு சொன்னா வேல போயிரும்னு எல்லாரும் குத்துமதிப்பாத்தான் அழுத்துவாங்க.”

மேனேஜர் மேசையிலிருந்த பேப்பர்வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தார்.

“தும்முனவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு சார், அது அவுரி இல்லன்னு. கேக்கக்கூடாதுன்னு நாமதான சொல்லிவச்சிருக்கோம்.”

“இன்னொரு தடவ நடந்தா, அவரோட சேந்து நீங்களும் போகவேண்டியதுதான். சம்மதமா?”

“சரி சார்.”

வெளியே வந்தவள் யாரையும் பார்க்காமல் பின்கட்டுக் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். பிறகு கொட்டகைக்கு நடந்தாள். காகிதத்தில் சந்தேகம் வந்தால் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு ஆபீஸுக்கு ஆள் அனுப்பச் சொன்னாள். மேனேஜர் இதற்குச் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பியூன் வழியாக விஷயம் நல்லக்கண்ணுவுக்குப் போய்விட்டது. மறுநாள் மதியம் மெஷின் ரூம் வாசலில் வந்து நின்றார்.

“எனக்காவ நீ என்னத்துக்கும்மா அவருகிட்ட மல்லுக்கட்டுத?”

“ஒங்களுக்காவ இல்ல அண்ணாச்சி. நான் சொன்ன சொல்லுக்காவ.”

அவர் உள்ளே வந்தார். “அப்பம் அது பொய்யாகாம பாத்துக்கிடணும்” என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இதற்குள் செல்லப்பாண்டி துபாய்க்குப் போய்விட்டான். எல்லாரையும்விட வேகமாகக் கற்றுக்கொண்டவன், மேனேஜரின் செல்லப்பிள்ளை. கற்ற கை அங்கே நல்ல விலைக்குப் போகிறது என்று அவன் அண்ணன் எழுதியிருந்தானாம். மேனேஜர் மெஷின் ரூமுக்கே இறங்கிவந்து, காலியான நாற்காலியைப் பார்த்தபடி, “நல்லக்கண்ணு சமாளிப்பாரா?” என்று கிளாடிஸைக் கேட்டார்.

“அவருகிட்டயே கேளுங்க சார்.”

அவர் கேட்டார். “செல்லப்பாண்டி வேகம் எனக்கு வராது சார்,” என்றார் நல்லக்கண்ணு. “ஆனா தெரியாதத அழுத்த மாட்டேன்.”

அந்த வேகம் அவருக்கு இன்றைக்கும் வரவில்லை. ஆட்காட்டி விரலை மெஷினுக்கு மேலே தூக்கிவைத்துக்கொண்டு யோசிப்பதைப் பார்த்தால் பொறுமை போய்விடும். கிளாடிஸுக்கே சில நாள் போகிறது. ஜன்னலோரம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள்.

போன வாரம் ஒரு நாள். ஹால் நிறைய ஆட்கள். சுங்க இலாகாவிலிருந்து வந்தவர்கள் ஒருபக்கம், காத்திருக்கும் வியாபாரிகள் ஒருபக்கம். மேனேஜரும் வெளியே வந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். கிளாடிஸ் அப்போதுதான் டிபன் பாத்திரத்தைத் திறந்து, மீன்குழம்புச் சோற்றில் கை வைத்திருந்தாள். மெஷின் ரூமில் சத்தம் சட்டென்று நின்றது.

“ஏளா கிளாடிஸ்!” என்று கதவுக்கு வெளியே தலையை நீட்டி, ஹால் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார் நல்லக்கண்ணு. “இது ஏன் நின்னுட்டுன்னு எனக்கு வெளங்கலளா! இங்கன வந்து ஒருதடவ சொல்லிக்குடு!”

பேச்செல்லாம் நின்று எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. கதவைப் பிடித்தபடி, அவள் வரட்டும் என்று நின்றார்.

“வாரேன் அண்ணாச்சி” என்றாள் கிளாடிஸ். பாத்திரத்தை மூடினாள். கையைக் கழுவுகிற சாக்கில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, சிரிப்பு அடங்குகிறவரை செம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விரல்களில் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.